ஹெட் கழற்றி மாட்டியபின் டைமிங் தகராறு: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஹெட் கேஸ்கட் மாற்றினாலும் வால்வு வேலை பார்த்தாலும், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) தூக்க வேண்டுமானால் டைமிங் செயினோ பெல்ட்டோ கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) விட்டு வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை டென்ஷனரை (செயினை, பெல்ட்டை விறைப்பாக வைக்கும் பாகம்) தளர்த்தியதற்கும் திரும்ப மாட்டியதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் பிறக்கின்றன. அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும். எது நகர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. ஒவ்வொரு அறிகுறியிலும் எளிய காரணம் முதலில் இருக்கிறது, செலவு வைக்கும் காரணம் கடைசியில். வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெல்ட் அல்லது செயின் மாட்டியிருக்கும்போது கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றும் கீழ்த் தண்டு) அது ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்கள் வலஞ்சுழியாக ஓடும். ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை இன்ஜின்கள் இடஞ்சுழி. இரண்டாவது, கையால் 2 முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. கிராங்க் 2 சுற்று வந்தால்தான் கேம் 1 சுற்று முடிக்கும் என்பதால், ஒரே சுற்றோடு நிறுத்தினால் பாதி வால்வுகளைப் பார்க்காமலே விட்டதாகிவிடும்.

## அறிகுறி 1: கழற்றும்போதே செயின் உள்ளே விழுந்துவிட்டது, அல்லது கேம் துள்ளித் திரும்பிவிட்டது

செயின் கவருக்குள் சரிந்திருந்தால் பதற வேண்டாம், ஆனால் கிராங்கைத் தொடாதீர்கள். கீழே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் செயின் பல்லை விட்டு விலகியிருந்தால், ஒரு சின்னத் திருப்பலிலேயே அது மடிந்து கவருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். காந்தக் குச்சியாலோ முனை வளைத்த கம்பியாலோ செயினை மேலே இழுத்து, இழுத்த நிலையிலேயே கம்பி போட்டுக் கட்டுங்கள். கட்டிய பிறகு கிராங்கை மெதுவாகக் கால் சுற்று திருப்புங்கள். செயினின் இரு பக்கமும் சீராக ஏறி இறங்கினால் கீழே பல்லில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அசைந்தாலோ, இறுகினாலோ முன் கவரைத் திறக்காமல் வேலை முடியாது.

டென்ஷனர் வெளியே நீண்டுவிட்டதா? ராச்செட் வகை டென்ஷனர் வெளியே வரும், தானாக உள்ளே போகாது. அதனால்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டை எடுக்கும் முன் டென்ஷனரைக் கழற்ற வேண்டும். கவரைத் திறக்காமல் ஹெட்டை எடுக்கும் இன்ஜின்களில் செயினின் இரு பக்கத்துக்கும் நடுவே மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த ஆப்பை இறக்கி, டென்ஷனர் நீளாதபடி முதலிலேயே பிடித்துவைக்க வேண்டும். ஆப்பு வைக்காமல் எடுத்து, இப்போது ஸ்ப்ராக்கெட் கேமின் மேல் ஏற மறுக்கிறது என்றால், செயின் சுருங்கிவிடவில்லை, டென்ஷனர்தான் நீண்டிருக்கிறது. கம்பிப்பாரை போட்டு நெம்பி ஏற்றாதீர்கள். கைட் (செயின் உரசி ஓடும் பட்டை) உடைந்து ஆயில் சம்ப்பில் விழும். டென்ஷனரை எடுத்து, ராச்செட் பூட்டை விடுவித்து, பிளஞ்சரை (வெளியே நீளும் தண்டு) அமுக்கி, பூட்டுப் பின்னைச் செருகி மாட்டுங்கள்.

கேம் துள்ளியிருந்தால்: முதல் சிலிண்டர் டாப்பில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) இருந்தாலும் வேறு சிலிண்டரின் லோப் (கேமில் வால்வைத் தள்ளும் புடைப்பு) ஒன்று வால்வு ஸ்பிரிங்கின் சரிவில் நிற்கும். செயினை எடுத்ததும் ஸ்பிரிங் அந்த லோப்பைத் தள்ளும், கேம் சட்டென்று இருபது முப்பது டிகிரி தாவும். கேமின் அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் போட்டுப் பிடித்தபடியே ஸ்ப்ராக்கெட்டை எடுப்பது இதற்காகத்தான். தாவிவிட்டால் அப்படியே திருப்பி வைக்கப் போகாதீர்கள். செயினை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிராங்கை டாப்பிலிருந்து 90° பின்னால் கொண்டுபோங்கள். வழக்கமான 4 சிலிண்டர் வரிசை இன்ஜினில் நான்கு பிஸ்டன்களும் அப்போது நடுவாக்கில் நிற்கும், எந்த வால்வும் எட்டாது. அதன் பிறகு கேமை மார்க்குக்கு (டைமிங் அடையாளம்) திருப்புங்கள், கடைசியாகக் கிராங்கை டாப்புக்குக் கொண்டு வாருங்கள்.

கேமோடு சேர்த்து ஹெட்டை இறக்குபவர்களுக்கும் இதே 90° பொருந்தும். சில வால்வுகள் திறந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டன் டாப்பில் இருக்க ஹெட்டை வைத்து போல்ட் இறுக்கினால், இன்ஜின் ஒரு சுற்றுகூடச் சுற்றாமலே வால்வு வளைந்துவிடும். கழற்றிய ஹெட்டை மேசையில் முகம் கவிழ்த்து வைப்பதும் அப்படித்தான். இரு முனையிலும் மரக்கட்டை கொடுத்து வையுங்கள்.

## அறிகுறி 2: மார்க் சேர மாட்டேன் என்கிறது

### வண்ண லிங்க் 2 சுற்றுக்குப் பிறகு மார்க்கில் இல்லை

கோளாறே இல்லை. செயினின் வண்ண லிங்க்குகள் மாட்டுவதற்கான அடையாளம் மட்டும்தான். செயினின் லிங்க் எண்ணிக்கையும் ஸ்ப்ராக்கெட் பல்லும் நேராக வகுபடாததால், அவை மறுபடி பழைய இடத்துக்கு வரப் பல சுற்றுகள் ஆகும். ஸ்ப்ராக்கெட் மார்க்கும் ஹெட், பிளாக்கில் உள்ள மார்க்கும் சேர்ந்தால் போதும். இதைப் பார்த்துப் பயந்து, சரியாக இருந்த செயினைக் கழற்றித் தப்பாக மாட்டுவது அடிக்கடி நடக்கிறது.

### மாட்டும்போது சேர்ந்தது, சுற்றிய பிறகு ஒரு கேம் பின்தங்குகிறது

தளர்வு தப்பான பக்கத்தில் இருந்திருக்கிறது. டென்ஷனர் இல்லாத பக்கம்தான் இழுக்கும் பக்கம். அந்தப் பக்கம் கயிறு போல விறைப்பாக இருக்க வேண்டும், தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும். மாட்டும் வரிசை: கிராங்க் பல்லில் உட்காரவைத்து, இழுக்கும் பக்கமாக மேலே கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் கேம், அடுத்த கேம், கடைசியில் டென்ஷனர். டென்ஷனர் விறைப்பு எடுத்ததும் கேம் ஒரு பல் நகர்ந்தால், பெல்ட்டை எடுத்து, கேமை ஓடும் திசையில் அரைப் பல் முன்னால் பிடித்துக்கொண்டு பல்லில் ஏற்றி, பிறகு பின்னால் மார்க்குக்கு இழுங்கள். இழுக்கும் பக்கம் அப்போது தானாக விறைக்கும்.

### ஒரு பல்லுக்கும் குறைவான வித்தியாசம்

முதலில் கண்ணை நேராக வையுங்கள். பக்கவாட்டில் நின்று குனிந்து பார்த்தால் மார்க் தள்ளித்தான் தெரியும். அடுத்து, ஹெட்டை லேத்தில் ஃபேசிங் போட்டிருந்தால் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கியிருந்தால்) கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் அந்த அளவு குறைந்திருக்கும், கேம் சற்றுப் பின்தங்கும். 0.2 மி.மீ. எடுத்த ஹெட்டில் ஏறக்குறைய 60 மி.மீ. ஆரமுள்ள ஸ்ப்ராக்கெட் கேம் கணக்கில் 0.2° அளவுக்குத்தான் நகரும். கண்ணுக்குத் தெரிகிற அரைப் பல் வித்தியாசத்துக்கு ஃபேசிங் மேல் பழி போட முடியாது.

பழி போட வேண்டிய இடம் பெரும்பாலும் கிராங்க் புல்லி. அதன் வெளிவளையமும் நடுப்பகுதியும் ரப்பரால் ஒட்டப்பட்டவை. ரப்பர் விட்டுப்போனால் வெளிவளையம் தனியே நழுவி, அதில் உள்ள மார்க் பொய் சொல்லும். இன்னொரு பொய், புல்லியில் இக்னிஷன் டைமிங்குக்கான கோடு வேறு, டாப்புக்கான கோடு வேறு. பல கோடுகள் இருந்தால் எது எதற்கு என்று மேனுவலைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

சந்தேகம் வந்தால் பிஸ்டனையே கேளுங்கள். பிளக் துவாரம் வழியே டயல் கேஜ் இறக்குங்கள். டாப்பை ஒட்டிச் சில டிகிரிக்குப் பிஸ்டன் அசையாததுபோல நிற்கும் என்பதால் உச்சியை நேராகப் பிடிக்க முடியாது. கேஜ் உச்ச அளவைக் காட்டியதும் அதைப் பூஜ்யமாக்கி, உச்சிக்கு முன்னால் 1 மி.மீ. கீழே இருக்கும் இடத்திலும், உச்சி தாண்டி 1 மி.மீ. கீழே இருக்கும் இடத்திலும் புல்லியில் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நட்ட நடுவே உண்மையான டாப். உங்கள் புல்லி மார்க் அங்கே இல்லை என்றால் புல்லியை மாற்றுங்கள்.

### மார்க் எல்லாம் சேர்கிறது, இன்ஜின் மட்டும் டைமிங்கில் இல்லை

சில இன்ஜின்களில் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சாவியே (தண்டில் நழுவாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) கிடையாது. போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான் பிடித்திருக்கும். ஃபோர்டின் ட்யூராடெக் 1.8, 2.0 லிட்டர் இன்ஜின்களின் கிராங்க் ஸ்ப்ராக்கெட் அப்படிப்பட்டது. அந்த போல்ட்டைத் தளர்த்தினாலே டைமிங் போய்விடும். கேமின் பின்முனைக் காடியில் தட்டைப் பட்டையும், பிளாக்கில் கிராங்க் நிறுத்தும் பின்னும் செருகித்தான் இறுக்க வேண்டும். அந்தக் கருவிகள் நிலையைக் காட்டுவதற்கு மட்டுமே. அவற்றையே பிடிமானமாக வைத்து போல்ட்டைத் திருகினால் பின் ஒடியும், கேமின் காடி சிதையும்.

மாறும் வால்வு டைமிங் உள்ள இன்ஜினில் கேம் முனையில் இருந்து கேமின் கோணத்தை மாற்றும் பேசர் தன் பூட்டு நிலையில் இருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கேமைத் திருப்பிப் பாருங்கள். சற்றே ஓடி 'டக்' என்று பூட்டிக்கொண்டால் இவ்வளவு நேரம் பூட்டாமல்தான் இருந்தது, மார்க்கை மறுபடி பாருங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும் கட்டம்: சாவியில்லாத ஸ்ப்ராக்கெட் தளர்ந்துவிட்டது, லாக்கிங் கருவி கையில் இல்லை என்றால் இங்கேயே நிறுத்துங்கள். மார்க்கர் பேனாவால் போட்ட கோடு இங்கே உதவாது.

## அறிகுறி 3: கையால் சுற்றும்போது முட்டி நிற்கிறது

கம்ப்ரஷன் எதிர்ப்பும் முட்டலும் கைக்கு வேறுவேறாகத் தெரியும். கம்ப்ரஷன் என்றால் கனமாகி, சற்றுப் பொறுத்தால் காற்று கசிந்து இளகும். முட்டல் என்றால் இரும்பு மேல் இரும்பு, 'டொக்' என்று ஒரே இடத்தில் நிற்கும், காத்திருந்தாலும் இளகாது. குழப்பம் இல்லாமலிருக்க எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள்.

முட்டினால் ஒரு இம்மிகூட அழுத்த வேண்டாம். ரென்ச்சின் நீளத்தைக் கூட்டவே கூடாது.

1. லாக்கிங் பின் அல்லது ஃப்ளைவீல் பூட்டு உள்ளேயே இருக்கிறதா? வெட்கப்பட ஒன்றுமில்லை, முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.
2. பிளக் துவாரத்தில் நட், வாஷர் ஏதாவது விழுந்திருக்கிறதா? சிறு கேமரா விட்டுப் பாருங்கள்.
3. கேமை இப்போதுதான் மாட்டினீர்களா? ஹைட்ராலிக் லிஃப்டர்கள் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள பாகங்கள்) ஆயில் நிறைந்து நீண்டிருக்கும், வால்வை அளவுக்கு மேல் திறந்து பிடித்திருக்கும். கேம் மாட்டியபின் சுமார் 30 நிமிடம் விட்டுவிட்டால் அவை அமுங்கி இறங்கும்.
4. இவை எதுவும் இல்லையென்றால் வால்வு பிஸ்டனில் முட்டுகிறது. முட்டலை விடுவிக்க மட்டும் கிராங்கைச் சற்றே பின்னால் கொண்டுவந்து, பெல்ட்டை எடுத்து, 90° நிலையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக மார்க் செய்யுங்கள்.

கையால் மெதுவாகச் சுற்றி, முட்டியதும் நிறுத்தியிருந்தால் வால்வு பெரும்பாலும் தப்பியிருக்கும். செல்ஃப் அடித்த பிறகு முட்டியிருந்தால் அறிகுறி 4-இன் கம்ப்ரஷன் சோதனைக்குப் போங்கள்.

## அறிகுறி 4: செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

செல்ஃப் சத்தத்தைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

### இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றுகிறது

டைமிங்கை விடுங்கள். ஹெட்டிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். அதற்கடுத்து பேட்டரி.

### வழக்கமான வேகத்தில், 'சுக் சுக்' என்று சுற்றுகிறது

கம்ப்ரஷன் இருக்கிறது. கேம் சென்சார், கிராங்க் சென்சார் கனெக்டர்கள், இன்ஜெக்டர் கனெக்டர்கள், ஃபியூஸ் இந்த வரிசையில் பாருங்கள். ஸ்கேனரில் பி0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 என்றால் கேம் சென்சார் சர்க்யூட். கனெக்டரும் வயரும் சரியென்று தெரியும் முன் கவரைத் திறக்காதீர்கள்.

### 'டப்' என்று இன்டேக்கிலோ சைலன்சரிலோ வெடிக்கிறது

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய இன்ஜினில் ரோட்டர் 180° தலைகீழாக நிற்கும். கிராங்க் மார்க் டாப்பில் இருந்தாலும் அது எக்ஸாஸ்ட் முடிவில் வரும் டாப்பாக இருந்திருக்கும். முதல் சிலிண்டரின் இரு லோப்களும் ஃபாலோயரை (லோப் அழுத்தும் பாகம்) விட்டு விலகி, இரண்டு வால்வும் மூடியிருந்தால்தான் அது கம்ப்ரஷன் டாப். அந்த நிலைக்குக் கொண்டுவந்து ரோட்டரை முதல் சிலிண்டர் வயருக்கு நேராக வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத இன்ஜினில் காயில் கனெக்டர்கள் இடம் மாறியிருக்கிறதா பாருங்கள், அடுத்த சந்தேகம் கேம் டைமிங்.

### 'விர்ர்' என்று லேசாக, வேகமாகச் சுற்றுகிறது

கம்ப்ரஷன் இல்லை. உடனே செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். கையால் 2 சுற்று சுற்றி, மார்க் பாருங்கள். முட்டாமல் சுற்றினால் மட்டும் கம்ப்ரஷன் கேஜ் போடுங்கள்: எல்லா பிளக்கும் வெளியே, ஃபியூவல் நிறுத்தம், ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்த நிலை. நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரும்.

- எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைவு என்றால் கேம் டைமிங். லிஃப்டர் அமுங்கக் காத்திருந்தீர்களா என்பதையும் பாருங்கள்.
- அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் குறைவு என்றால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட்.
- ஒன்றிரண்டில் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் வால்வு வளைந்திருக்கிறது.

மூன்றாவதை உறுதி செய்ய, அந்தச் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்திப் பிளக் துவாரம் வழியே காற்றழுத்தம் கொடுங்கள். கிராங்க் திரும்பாதபடி பிடித்திருக்க வேண்டும். காற்று இன்டேக் வழியே சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் வழியே வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட், ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். கேமரா விட்டால் பிஸ்டன் தலையில், கரியைச் சுரண்டியதுபோல் பளபளப்பான பிறைக் கீற்று தெரியும். வால்வு விளிம்பு அடித்த தடம் அது.

மெக்கானிக்கை அழைக்கும் கட்டம்: பிறைத் தடமும் பூஜ்யக் கம்ப்ரஷனும் சேர்ந்து இருந்தால் ஹெட்டை மறுபடி கழற்றியாக வேண்டும். வால்வு, வால்வு கைடு, வால்வு சீட் மூன்றையும் லேத்தில் சரிபார்க்க வேண்டும். வளைந்த வால்வைத் தட்டி நிமிர்த்திப் போடுவது வேண்டாம். தலை ஒடிந்து விழுந்தால் பிஸ்டனும் பிளாக்கும் சேர்ந்து போகும்.

## அறிகுறி 5: ஓடுகிறது, ஆனால் பிக்கப் இல்லை, ஐடிலிங் ஆடுகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது

ஒரு பல் மாறிய இன்ஜின் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். கேமில் 40 பல் இருந்தால் ஒரு பல் கேம் கணக்கில் 9°, கிராங்க் கணக்கில் 18°. நின்றுபோகும் அளவு இல்லை, இழுவையைக் கெடுக்கப் போதும்.

முதலில் வாக்குவம் குழாய்கள், இன்டேக் கேஸ்கட். ஹெட் வேலையில் கழன்ற குழாய் ஒன்று மாட்டப்படாமல் இருப்பதே ஐடிலிங் ஆட்டத்துக்கு எளிய காரணம். அடுத்து ஸ்கேனர். பி0016, பி0017 வந்தால் முதல் வரிசைச் சிலிண்டர்களின் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை. வி வடிவ இன்ஜினின் இரண்டாம் வரிசைக்கு பி0018, பி0019. இந்தப் பிழைக் குறியீடு வந்ததும் சென்சாரை வாங்கி மாற்றுவது வீண் வேலை. சென்சார் ஒழுங்காகப் பார்த்ததால்தான் இந்தக் குறியீடே வந்திருக்கிறது.

ஸ்கேனர் கோண வித்தியாசத்தை எண்ணாகக் காட்டினால் அதை உங்கள் இன்ஜினின் பல் கணக்கோடு ஒப்பிடுங்கள். 15 முதல் 20° என்றால் பல் மாறியிருக்கிறது, திறந்து மாட்டுங்கள். 3, 4° என்றால் பல் மாற்றம் இல்லை: நீண்டுபோன செயின், பூட்டாத பேசர், ஆயில் கண்ட்ரோல் வால்வின் வடிகட்டியில் கேஸ்கட் பேஸ்ட் துணுக்கு. கடைசியில் சொன்னது ஹெட் வேலைக்குப் பின் அடிக்கடி வரும், அந்த ஆயில் கண்ட்ரோல் வால்வைக் கழற்றிக் கழுவினாலே தீர்ந்துவிடும்.

ஸ்கேனர் இல்லையென்றால் வாக்குவம் கேஜ் போதும். ஐடிலிங்கில் ஊசி 430 முதல் 530 மி.மீ. பாதரசத்தில் நிற்க வேண்டும். வெகுவாகக் கீழே, அதுவும் ஆடாமல் நின்றால் கேம் பின்தங்கியிருக்கிறது. ஒழுங்கான இடைவெளியில் துடித்துத் துடித்து விழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை.

டீசல் இன்ஜினில் டீசல் செலுத்தும் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் பம்ப் ஸ்ப்ராக்கெட் மார்க்கையும் பாருங்கள். கேம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகையோடு முரண்டு பிடித்தால் பம்ப் ஒரு பல் பின்தங்கியிருக்கலாம். பம்ப்பின் உள் டைமிங்கை வீட்டில் தொட வேண்டாம், அது பம்ப் வேலை தெரிந்தவர் கையில் விட வேண்டியது.

## அறிகுறி 6: சத்தம்

ஸ்டார்ட் செய்ததும் கடகட: புதிதாக மாட்டிய ஹைட்ராலிக் டென்ஷனரில் ஆயில் நிறையும்வரை ஒரு சில விநாடி சத்தம் வரும். அதைத் தாண்டினால் இன்ஜினை நிறுத்துங்கள். டென்ஷனரின் பூட்டுப் பின்னை உருவினீர்களா? சின்னப் பின்தான், மறப்பது எளிது. உருவியிருந்தால் ஆயில் அளவு, டென்ஷனருக்கான ஆயில் துவாரம், கைட் போல்ட், கடைசியாகச் செயின் தேய்மானம். பிளஞ்சர் ஏறக்குறைய முழு நீளமும் வெளியே வந்திருந்தால் செயின் முடிந்துவிட்டது.

பெல்ட் ஊளையிடுகிறது: அதிக இறுக்கம். வேகத்தோடு ஸ்வரம் ஏறும். கவரில் 'படபட' என்று அடிக்கிறது: தளர்வு. ஹைட்ராலிக் டென்ஷனரை அமுக்கும்போது வைஸில் நிமிர்த்தி வைத்து மிக மெதுவாக அமுக்க வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் உள் சீல் கிழிந்து, மாட்டிய சில நாளில் தளர்வு வரும். பெல்ட் ஒரு விளிம்பை உரசித் தேய்ந்தால் டென்ஷனர் போல்ட்டோ ஐட்லரோ (பெல்ட்டை வழிநடத்தும் உருளை) சாய்ந்திருக்கிறது. ஆயில் அல்லது கூலன்ட் பட்ட பெல்ட்டைத் துடைத்துப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

## அறிகுறி 7: எல்லாம் சரி, பிழைக் குறியீடும் இல்லை, வண்டி மட்டும் நடுங்குகிறது

இன்ஜின் மவுண்ட்டும் அதன் போல்ட்டும் முதலில். பேலன்ஸ் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்கும் தண்டு) உள்ள இன்ஜின் என்றால் அதன் டைமிங் தப்பியிருக்கும், இதற்கு எந்தக் குறியீடும் வராது. மிட்சுபிஷி 4ஜி63 இன்ஜினில் ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட் மார்க் சேர்ந்திருந்தும் ஷாஃப்ட் தலைகீழாக நிற்க வாய்ப்புண்டு. பிளாக்கின் பக்கவாட்டுத் துளையடைப்பைக் கழற்றி, 8 மி.மீ. தடிமனான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடுங்கள். 60 மி.மீ. வரை போனால் சரி. 20, 25 மி.மீ.யிலேயே தட்டினால் ஸ்ப்ராக்கெட்டை ஒரு சுற்று சுற்றி மறுபடி விடுங்கள். 60 மி.மீ. போன நிலையில் ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் பெல்ட்டை மாட்டி முடியுங்கள். எடுத்தால் ஷாஃப்ட் தன் எடையிலேயே திரும்பிவிடும். பெல்ட் மாட்டியதும், கிராங்கைச் சுற்றும் முன், ஸ்க்ரூடிரைவரை உருவ வேண்டும்.